கிலோவா, பவுண்டா, லிட்டரா? விமானத்தில் எரிபொருள் நிரப்பும்போது நேரும் தகவல் பிசகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1983 ஜூலை 23 அன்று மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட்ட ஏர் கனடா 143ஆம் எண் விமானத்தில் நடுவானில் இரண்டு எஞ்சின்களும் நின்றுபோயின. 69 பேருடன் சறுக்கியபடியே வந்து, மானிட்டோபா மாகாணத்தின் கிம்லி என்ற ஊரிலிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் அது இறங்கியது. புத்தம் புதிய போயிங் 767. எஞ்சினில் கோளாறு இல்லை, டாங்கியில் கசிவும் இல்லை. தேவையான எரிபொருளில் பாதிகூட ஏற்றப்படவில்லை, அவ்வளவுதான். ‘கிம்லி கிளைடர்’ என்று பெயர் பெற்ற இந்தச் சம்பவத்தை வைத்து, எரிபொருள் நிரப்பும் வேலையில் தகவல் எங்கே கைநழுவுகிறது என்று பார்ப்போம்.

எரிபொருளை லிட்டரில் சொல்லாமல் கிலோவில் சொல்வது ஏன்?

எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆற்றல் எரிபொருளின் எடையைப் பொறுத்தது, கன அளவைப் பொறுத்ததல்ல. ஜெட் விமானங்களின் எரிபொருளான ஜெட் ஏ-1 என்பது மண்ணெண்ணெய் வகை. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அதன் கன அளவு ஏறத்தாழ ஒரு சதவீதம் பெருகும், எடை மாறாது. மே மாத மதியத்தில் ஏற்றிய 10,000 லிட்டரும் குளிர்நாட்டுப் பனிக்காலத்தில் ஏற்றிய 10,000 லிட்டரும் ஒரே தூரத்துக்குக் கொண்டுபோகாது. அதோடு, புறப்படும் எடை, இறங்கும் எடை, சமநிலை எல்லாமே எடைக் கணக்குதான்.

ஆனால் லாரியில் இருக்கும் மீட்டர் லிட்டரைத்தான் காட்டும். ஆக விமானி கிலோவில் கேட்கிறார், நிரப்புபவர் லிட்டரில் தருகிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பாலம்: அடர்த்தி. 15 டிகிரி செல்சியஸில் ஜெட் ஏ-1 லிட்டருக்கு 0.775 முதல் 0.840 கிலோ வரை இருக்கலாம் என்பது தர வரம்பு. அன்றன்றைக்கு அந்த லாரியில் இருக்கும் எரிபொருளின் அடர்த்தி என்ன என்பது நிரப்பும் சீட்டிலேயே இருக்க வேண்டும்.

எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

டிஸ்பேட்ச் அலுவலகம் பயணத் திட்டத்தோடு ஒரு எண்ணைத் தரும். ஓடுபாதைவரை ஊர்ந்து போவதற்கு, பயணத்துக்கு, எதிர்பாராச் செலவுக்கு (பெரும்பாலும் பயண எரிபொருளில் 5 சதவீதம்), மாற்று விமான நிலையத்துக்கு, கடைசிக் கையிருப்பாக 30 நிமிடம் வட்டமிட என்று எல்லாம் சேர்ந்த மொத்தம் அது. வானிலையைப் பார்த்துக் கேப்டன் அதைக் கூட்டலாம். கடைசிச் சொல் அவருடையது.

அந்த எண் விமானியிடமிருந்து தரைப் பொறியாளருக்கோ முகவருக்கோ, அவரிடமிருந்து லாரி ஆபரேட்டருக்கும் போகிறது. இப்படி ஒவ்வொரு முறை கைமாறும்போதும் எண் தப்பாமல் போய்விடும். அதோடு ஒட்டியிருந்த ‘கிலோ’ என்ற சொல்தான் வழியில் உதிரும்.

மான்ட்ரியலில் கணக்கு எங்கே தவறியது?

எட்மன்டன் வரை போக 22,300 கிலோ தேவை. காக்பிட்டில் எரிபொருள் காட்டி வெறுமையாக இருந்ததால், இறக்கைக்கு அடியிலிருந்து அளவுக்குச்சியை இறக்கி அளந்தார்கள். ஒரு பக்கம் 62 சென்டிமீட்டர், மறுபக்கம் 64. அட்டவணைப்படி 3,758 லிட்டரும் 3,924 லிட்டரும். மொத்தம் 7,682 லிட்டர். இதுவரை எல்லாம் சரி.

அடுத்து போட்ட கணக்கு:

7,682 × 1.77 = 13,597
22,300 − 13,597 = 8,703
8,703 ÷ 1.77 = 4,917 லிட்டர்

4,917 லிட்டர் ஏற்றினார்கள். பெருக்கல், கழித்தல், வகுத்தல் எதிலும் பிழை இல்லை. ஆனால் 1.77 என்பது ஒரு லிட்டர் எரிபொருளின் எடை பவுண்டில். முதல் வரியில் கிடைத்த 13,597 பவுண்டு. அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டு, கிலோவிலிருந்து பவுண்டைக் கழித்துவிட்டார்கள்.

போட்டிருக்க வேண்டிய கணக்கு (0.803 என்பது ஒரு லிட்டரின் எடை கிலோவில்):

7,682 × 0.803 = 6,169 கிலோ
22,300 − 6,169 = 16,131 கிலோ
16,131 ÷ 0.803 = 20,088 லிட்டர்

20,088 போக வேண்டிய இடத்தில் 4,917. டாங்கிகளில் இருந்தது மொத்தம் 12,599 லிட்டர், அதாவது ஏறக்குறைய 10,117 கிலோ. அதையே பவுண்டாக்கினால் 22,300 வரும்! கேட்ட எண் அப்படியே கிடைத்தது, வேறு அலகில்.

1.77 என்ற எண் எங்கிருந்து வந்தது?

எரிபொருள் நிறுவனத்தின் சீட்டிலிருந்து. ஏர் கனடாவின் மற்ற விமானங்கள் எல்லாம் அப்போது பவுண்டுக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. கிலோவில் கணக்கிடும் முதல் விமானமாக 767 வந்து சேர்ந்தது. சீட்டில் அந்த எண் ‘ஒப்படர்த்தி’ என்ற பெயரில் அலகில்லாமல் இருந்தது. பழைய விமானங்களுக்கு ஆண்டுக்கணக்கில் பயன்பட்ட எண் என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை.

உறுத்தியிருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பது சமையலறையில் தெரிந்த விஷயம். லிட்டருக்கு 1.77 கிலோ எடையுள்ள மண்ணெண்ணெய் இந்த உலகத்தில் இல்லை. எரிபொருள் சீட்டைக் கையில் வாங்கும் எவரும் மனதில் வைக்க வேண்டிய ஒரே சோதனை இதுதான்: கிலோக் கணக்கு என்றால் பெருக்கும் எண் ஒன்றுக்குக் கீழே, 0.8க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றைத் தாண்டினால் அது பவுண்டு. கையை எடுத்துவிட்டுக் கேளுங்கள்.

புத்தம் புதிய விமானத்தில் எரிபொருள் காட்டி ஏன் வேலை செய்யவில்லை?

767இன் எரிபொருள் அளவைக் கணக்கிடும் கருவிக்கு இரண்டு சேனல்கள். ஒன்று பழுதானால் மற்றது தானாகவே பொறுப்பேற்கும் என்பது ஏற்பாடு. இந்த விமானத்தில் இரண்டாவது சேனலில் ஒரு கம்பிச்சுருளின் சால்டரிங் சரியாகப் பிடிக்கவில்லை. அந்தச் சேனல் முழுதாகச் செத்திருந்தால் முதல் சேனல் எடுத்துக்கொண்டிருக்கும். அரைகுறையாகச் செத்ததால் மாற்றம் நடக்கவில்லை, திரை முழுவதும் வெறுமையானது.

விமானம் மான்ட்ரியலுக்கு வருமுன், எட்மன்டனில் ஒரு டெக்னீஷியன் இதற்கு வழி கண்டார். இரண்டாம் சேனலின் சர்க்யூட் பிரேக்கரை (மின் இணைப்பைத் துண்டிக்கும் பொத்தானை) இழுத்துவிட்டால் முதல் சேனல் வேலை செய்கிறது, காட்டியும் திரும்புகிறது. பிரேக்கரை இழுத்து, அதன் மேல் அடையாளச் சீட்டைக் கட்டிவிட்டார். மாற்றுக் கருவி கையிருப்பில் இல்லை. விமானம் காட்டி வேலை செய்யும் நிலையிலேயே மான்ட்ரியல் வந்து சேர்ந்தது.

அங்கே இன்னொரு டெக்னீஷியன் சோதித்துப் பார்ப்பதற்காக அந்தப் பிரேக்கரை உள்ளே தள்ளினார். திரை அணைந்தது. அதற்குள் எரிபொருள் லாரி வந்துவிட, குச்சியால் அளக்கும் வேலைக்குப் போனவர் பிரேக்கரைத் திரும்ப இழுக்க மறந்துவிட்டார். சீட்டு மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

கேப்டன் வெறுமையான திரையைப் பார்த்தும் ஏன் நிறுத்தவில்லை?

அதைத்தான் அவர் எதிர்பார்த்து வந்தார். கேப்டன் ராபர்ட் பியர்சன் விமானத்தைப் பொறுப்பேற்கும் முன், அதை ஓட்டி வந்த கேப்டனோடு பேசியிருந்தார். எரிபொருள் காட்டியில் பிரச்சினை இருக்கிறது, குச்சியால் அளந்து சரிபார்க்க வேண்டும் என்பது பேச்சின் சாரம். காட்டி ஓடாமலேயே அவர்கள் பறந்து வந்ததாகப் பியர்சன் புரிந்துகொண்டார்.

டெக்னிக்கல் லாகில் (விமானத்தின் பழுதுகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில்) இருந்த பதிவும் அந்தப் புரிதலைத்தான் உறுதிப்படுத்தியது. சோதனையில் காட்டி வெறுமையாக இருந்தது, 2ஆம் எண் பிரேக்கர் இழுக்கப்பட்டுச் சீட்டுக் கட்டப்பட்டது என்று எழுதியிருந்தது. ‘இழுத்த பிறகு காட்டி வேலை செய்கிறது’ என்ற ஒரு வரி இல்லை. உள்ளே போனால் திரை வெறுமை, பிரேக்கரில் சீட்டு. படித்தது, கேட்டது, பார்த்தது மூன்றும் பொருந்திவிட்டன. இந்தச் சம்பவத்தில் எனக்கு மிக ஆபத்தானதாகப் படுவது லிட்டர்-பவுண்டு கணக்கல்ல, இந்தப் பொருத்தம்தான். தவறான ஒரு தகவலுக்குத் தற்செயலாக இரண்டு சாட்சிகள் கிடைத்துவிட்டால் அதை உடைப்பது கடினம்.

பராமரிப்புப் பதிவு எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது: என்ன பழுது, என்ன செய்தோம் என்பதோடு நின்றுவிடாதீர்கள். செய்த பிறகு கருவி எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதினால்தான் அந்தப் பதிவு முழுமை.

காட்டி இல்லாமல் புறப்பட விதி இடம் தந்ததா?

இல்லை. எந்தெந்தக் கருவி பழுதாக இருந்தாலும் பறக்கலாம் என்று சொல்லும் எம்.இ.எல். பட்டியலின்படி எல்லாக் காட்டிகளும் வெறுமையாக இருக்கும் விமானம் தரையில்தான் நிற்க வேண்டும். ஆனால் 767 அப்போது புதிது. அந்தப் பட்டியலுக்கு அடிக்கடி திருத்தம் வந்துகொண்டே இருந்ததால், பட்டியலைவிடப் பராமரிப்புப் பிரிவின் ஒப்புதலை நம்புவது நடைமுறையாகிவிட்டிருந்தது.

ஒட்டாவாவில் மறுபடியும் அளந்தார்களே?

அளந்தார்கள், குச்சியை இறக்கித்தான். பெருக்கிய எண்ணும் அதே 1.77. ஒரே தவறான எண்ணால் இரண்டு முறை சரிபார்ப்பது, ஒரு முறைகூடச் சரிபார்க்காததற்குச் சமம்.

வானத்தில் கணினியாவது சொல்லியிருக்க வேண்டாமா?

விமான மேலாண்மைக் கணினி டாங்கியைப் பார்ப்பதில்லை. புறப்படும்போது கையால் பதிந்த எண்ணிலிருந்து எஞ்சின்கள் குடித்ததைக் கழித்துக்கொண்டே வரும். பதிந்ததோ அந்தத் தவறான கணக்கில் வந்த எண். ஆகவே கடைசி நிமிடம் வரை நிறைய இருப்பதாகவே அது காட்டியது.

41,000 அடி உயரத்தில், ஒன்டாரியோவின் ரெட் லேக் வட்டாரத்துக்கு மேலே முதல் எச்சரிக்கை ஒலித்தது: இடப்பக்க எரிபொருள் அழுத்தம் குறைவு. பம்ப் பழுது என்றுதான் முதலில் நினைத்தார்கள். எச்சரிக்கைகள் தொடர, வினிபெக்குக்குத் திருப்பினார்கள். இடது எஞ்சின் நின்றது, சிறிது நேரத்தில் வலதும். காற்றில் சுழன்று ஹைட்ராலிக் அழுத்தம் தரும் சிறு விசிறி மட்டும் கைகொடுத்தது. வினிபெக் வரை எட்டாது என்று கணக்குப் போட்ட துணை விமானி மாரிஸ் கின்டல், தான் முன்பு பணியாற்றிய கிம்லியைச் சொன்னார். கிளைடர் ஓட்டிப் பழகிய பியர்சன் விமானத்தை ஒருக்களித்துச் சறுக்கவிட்டு உயரத்தைக் குறைத்தார். கார் பந்தயம் நடந்த பழைய ஓடுபாதையில் முன்சக்கரம் மடங்கியபடி விமானம் நின்றது. உயிரிழப்பு இல்லை.

தவறு யாருடையது?

நிறுவனம் முதலில் விமானிகளையும் பராமரிப்பு ஊழியர்களையும் தண்டித்தது. பியர்சனுக்குப் பதவி இறக்கம், கின்டலுக்குத் தற்காலிகப் பணிநீக்கம். நீதிபதி ஜார்ஜ் லாக்வுட் தலைமையிலான விசாரணை, நிறுவனத்தின் ஏற்பாடுகளில்தான் பெரிய ஓட்டை என்று கண்டது. பழைய மூன்று பேர் காக்பிட்டில் எரிபொருள் கணக்கு ஃப்ளைட் இன்ஜினியரின் வேலை. 767இல் அந்த இருக்கையே இல்லை. அவர் செய்த கணக்கு இனி யார் தலையில் என்று தெளிவாக எழுதிவைக்கப்படவில்லை, கிலோக் கணக்கில் யாருக்கும் முறையான பயிற்சியும் தரப்படவில்லை. தரைப் பணியாளர் பார்த்துக்கொள்வார் என்று விமானிகளும், விமானிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று தரைப் பணியாளர்களும் இருந்தால் இதுதான் நடக்கும். ஒரு பதவியை ஒழிக்கும்போது அந்த ஆள் செய்த வேலைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் புது ஆளின் பெயரை எழுதாமல் விடுவது நிர்வாகத்தின் பிழை. அதைக் கடைசியில் குச்சியைப் பிடித்தவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இப்போது எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

தனித்தனி வழியில் வந்த மூன்று எண்களை மோதவிட்டுப் பார்ப்பதுதான் முறை. எடுத்துக்காட்டாக ஒரு ஏர்பஸ் ஏ320 விமானம்:

வந்து நின்றபோது டாங்கியில் 3,200 கிலோ. புறப்படத் தேவை 9,000 கிலோ. ஏற்ற வேண்டியது 5,800 கிலோ. அன்றைய அடர்த்தி 0.795 என்றால் 5,800 ÷ 0.795 = 7,296 லிட்டர். லாரி மீட்டர் 7,300 லிட்டரில் நின்றது. 7,300 × 0.795 = 5,804 கிலோ. பழையதோடு சேர்த்தால் 9,004. தரையில் நின்ற முக்கால் மணி நேரத்தில் வாலில் இருக்கும் துணை எஞ்சின் குடித்தது சுமார் 80 கிலோ. மீதி 8,924. காக்பிட்டில் காட்டி 8,950 என்றால் சரி, வேறுபாடு மிகச் சிறியது.

வேறுபாடு எவ்வளவு வரை ஏற்கலாம் என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் கையேட்டிலும் இருக்கும். அதைத் தாண்டினால் குச்சியால் அளக்க வேண்டும். அளக்கும்போது விமானம் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதையும் பார்த்து அதற்குரிய அட்டவணையை எடுக்க வேண்டும். நிற்கும் இடம் சரிவாக இருந்து, சமதளத்துக்கான அட்டவணையைப் படித்தால் அதுவே புதுப் பிழை.

வந்தபோது இருந்த எண்ணைக் குறிக்காமல் விட்டால் இந்தச் சோதனை முழுவதும் வீண். நிரப்பத் தொடங்கும் முன் அதை எழுதிவிடுங்கள்.

பேச்சில் வழக்கமாக எங்கே குழப்பம் வருகிறது?

முதலிடம் ‘எட்டு டன்’ என்ற சொல்லுக்கு. எட்டு டன் ஏற்றவா, மொத்தம் எட்டு டன் ஆகும்வரை ஏற்றவா? “மொத்தம் எட்டாயிரம் கிலோ” என்று சொல்ல வேண்டும். கேட்டவர் “மொத்தம் எட்டாயிரம் கிலோ” என்று திருப்பிச் சொல்ல வேண்டும். கட்டைவிரலைக் காட்டுவது பதில் ஆகாது.

அடுத்தது திருத்தம். வானிலை மாறி, கேப்டன் இன்னும் ஒரு டன் கேட்கிறார். லாரிக்காரர் கையில் பழைய தாள். புதிய எண் போனது என்றால் பழைய தாளைத் திரும்ப வாங்கிக் கிழிக்க வேண்டும். இரண்டு தாளும் புழக்கத்தில் இருந்தால் எது கடைசி என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தடுத்த நிறுத்தங்களில் ஒரே மாதிரி இரண்டு விமானங்கள் நிற்கும்போது, சீட்டில் விமானத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்த எண் மட்டும் போதாது, நிறுத்தம் கடைசி நேரத்தில் மாறும்.

காட்டி வேலை செய்தால் நம்பலாம்தானே?

2005 ஆகஸ்ட் 6 அன்று இத்தாலியின் பாரியிலிருந்து துனிசியாவின் ஜெர்பாவுக்குப் போன டுனின்டர் 1153ஆம் எண் விமானத்தில் காட்டி நன்றாகவே வேலை செய்தது. அது ஏடிஆர் 72 ரக விமானம். முந்தின நாள் மாற்றிப் பொருத்திய காட்டியோ அதைவிடச் சிறிய ஏடிஆர் 42க்கு உரியது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், அதே இடத்தில் பொருந்தவும் செய்யும், எண்ணை மட்டும் கூட்டிக் காட்டும். விமானம் எரிபொருள் தீர்ந்து பலெர்மோவுக்கு அருகே கடலில் இறங்கியது. 39 பேரில் 16 பேர் இறந்தார்கள். திடீரென்று எரிபொருள் கூடியிருப்பதற்கு ஆதாரமாக நிரப்பிய சீட்டு கையில் இல்லாமலேயே விமானம் புறப்பட்டிருந்தது. காட்டியை மாற்றினால் உதிரிபாக எண்ணைப் பட்டியலோடு ஒப்பிடுவதும், குச்சியால் ஒரு முறை அளப்பதும் கட்டாயம்.

எரிபொருள் வகையே மாறிப்போகுமா?

பெரிய ஜெட் விமானங்களில் அரிது. சிறிய பிஸ்டன் விமானங்களில் நேர்கிறது. அவ்கேஸ் (பிஸ்டன் எஞ்சினுக்கான விமானப் பெட்ரோல்) போக வேண்டிய டாங்கியில் ஜெட் ஏ-1 போனால், குழாயில் மிச்சமிருக்கும் பழைய எரிபொருளில் எஞ்சின் ஓடத் தொடங்கி, மேலே எழும்பிய பிறகு நிற்கும். இதைத் தடுக்கத்தான் ஜெட் எரிபொருள் குழாய்முனையை அகலத் தட்டையாகச் செய்கிறார்கள், அவ்கேஸ் துவாரத்தில் அது நுழையாது. ஜெட் எரிபொருளுக்குக் கறுப்புச் சீட்டு, அவ்கேஸுக்குச் சிவப்பு. “ஃபுல் பண்ணுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல் வகையின் பெயரைச் சொல்லி, பக்கத்தில் நில்லுங்கள்.

அதிகமாக ஏற்றிவிட்டால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட முடியாது. புறப்படும் எடை வரம்பையோ, குறுகிய பயணமென்றால் இறங்கும் எடை வரம்பையோ தாண்டிவிடும். சரக்கை இறக்க வேண்டும், அல்லது எரிபொருளைத் திரும்ப எடுக்க வேண்டும். திரும்ப எடுத்த எரிபொருளைத் தரம் சோதிக்காமல் வேறு விமானத்துக்குத் தர முடியாது, அதற்கென்று காலி லாரியும் வர வேண்டும். நேரம் போகும். அதனால் கடைசி சில நூறு கிலோவை மெதுவாக ஏற்றி, காட்டியைப் பார்த்து நிறுத்துவதே வழக்கம். கூடிவிட்டது தெரிந்தால் உடனே காக்பிட்டுக்குச் சொல்லுங்கள். எடைத்தாள் தயாராகும் முன் சொன்னால் எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.